கல்லைத் தட்டிப் பார்க்கும் குரங்கு

பிரேசிலின் வடகிழக்கில் பியாவி என்றொரு வறண்ட மாநிலம். அங்கே கில்புவெஸ் என்ற ஊரை அடுத்து இருக்கிறது ஃபசெண்டா போவா விஸ்தா. மணற்பாறை முகடுகள், அவற்றின் அடிவாரத்தில் பரந்த சமவெளி, தண்டை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு மட்டைகளை மட்டும் வெளியே விரித்துத் தரையை ஒட்டிக் குலைதள்ளும் குட்டைப் பனைகள். அந்தப் பனங்கொட்டைகளின் ஓட்டை உடைப்பது மனிதருக்கே சிரமம். அங்கு வாழும் தாடிக் கபுச்சின் குரங்கோ வீட்டுப் பூனை அளவுதான். ஆண் மூன்றரைக் கிலோ தேறும். பெண் இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும். அந்தக் குரங்கு ஒரு கிலோ எடையுள்ள கல்லை இரண்டு கைகளாலும் அணைத்தெடுத்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, வாலை ஊன்றிக்கொண்டு, தலை உயரத்துக்குத் தூக்கிக் கொட்டையின் மேல் இறக்குகிறது. ஒரே அடியில் உடைவது அரிது. மறுபடி தூக்குகிறது.

2004இல் டோரதி ஃப்ராகசி, பாட்ரீசியா இசார், எலிசபெத்தா விசல்பெர்கி, எடுவார்டோ ஒட்டோனி முதலானோர் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது உலகம் வியந்தது அந்தத் தூக்கலைப் பார்த்துத்தான். அதன் காணொளிகள் இன்றும் சுற்றுகின்றன. தன் எடையில் பாதிவரை கனக்கும் கல்லைத் தூக்கும் சிறு பிராணி, அதன் முகத்தில் ஒரு தீவிரம், பார்த்ததும் நமக்குச் சிரிப்பு. எனக்கு அந்தத் தூக்கலைவிட அதற்கு முந்தைய சில கணங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

குரங்கு கல்லைத் தட்டிப் பார்க்கிறது. 2009இல் விசல்பெர்கியும் உடன் உழைத்தவர்களும் போவா விஸ்தாக் குரங்குகளின் முன்னால் கற்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் இயற்கைக் கற்கள்: ஒன்று உறுதியானது, மற்றொன்று அடித்தால் உதிர்ந்துவிடக்கூடியது, அல்லது ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வேலைக்கு ஏற்றதை எடுக்கக் குரங்குகள் தயங்கவில்லை. அடுத்து வந்ததுதான் கண்ணை ஏமாற்றும் சோதனை. பார்வைக்கு ஒரே அளவாக இருந்தும் எடையில் வேறுபட்ட செயற்கைக் கற்களை வைத்தார்கள். பிறகு சிறியதைக் கனமாகவும் பெரியதை லேசாகவும் செய்து வைத்தார்கள். கண் உதவாத இடத்தில் குரங்குகள் கையையும் காதையும் நாடின. கல்லைச் சற்றே நகர்த்தின, தூக்கிப் பார்த்தன, விரல்களால் தட்டின. பிறகு பெரும்பாலும் கனமானதையே எடுத்துச் சென்றன. சந்தையில் தேங்காயைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பவர் செய்வதும் இதே காரியந்தான். உள்ளே இருப்பதை உடைக்காமல் அறிய வேண்டும்.

கொட்டையையும் தட்டுகிறது. உடைப்பதற்கு அடியில் ஒரு பாறையோ விழுந்த மரமோ வேண்டும். கொல்லர் சொல்லை இரவல் வாங்கி அதைப் பட்டடை என்றே சொல்லலாம். தலைமுறைகளாக அடிவாங்கியதில் பாறைப் பட்டடைகளில் சிறு குழிகள் விழுந்திருக்கின்றன. கொட்டையை அந்தக் குழியில் வைக்கும்முன் குரங்கு அதைக் கையில் பிடித்தபடியே பாறையில் இரண்டு மூன்று தடவை தட்டுகிறது, சற்றே திருப்புகிறது, மறுபடி தட்டுகிறது, பிறகுதான் கையை விடுகிறது. இது வெறும் பழக்கமா, காரணம் உள்ளதா? ஃப்ராகசியின் குழு கொட்டைகளின் மேல் கோடு வரைந்து, எந்தப் பக்கம் கீழே போகிறது என்று பார்த்தது. குரங்குகள் தட்டையான பக்கம் கீழே அமையும்படி, அதாவது கொட்டை உருளாமல் நிற்கும்படி வைத்தன. மனிதர்களின் கண்ணைக் கட்டிவிட்டு அதே கொட்டையைக் கொடுத்தபோது அவர்களும் அப்படியே வைத்தார்கள். வழிதான் வேறு. மனிதர்கள் கொட்டையை விரல்களுக்குள் உருட்டித் தடவி அறிந்தார்கள். குரங்குகள் தட்டி அறிந்தன. இது 2013இல் வெளியான ஆய்வு.

இரண்டாண்டு கழித்து மதுர் மங்கலமும் ஃப்ராகசியும் இன்னொன்றைக் காட்டினார்கள். குரங்கு ஒவ்வோர் அடியையும் ஒரே வலுவில் போடுவதில்லை. முந்தைய அடியில் ஓடு விரிசல் விட்டதா இல்லையா என்பதற்கேற்ப அடுத்த அடியின் உயரத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொள்கிறது. விரிசல் விட்ட பிறகு முழு வலுவில் அடித்தால் உள்ளிருக்கும் பருப்பு நசுங்கிப் பாறையோடு அப்பிக்கொள்ளும். அடிப்பவருக்கு எப்போது அடக்கி அடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் 'குரங்கு திட்டமிடுகிறதா' என்ற கேள்வி வருகிறது. உளவியலாளர்கள் இந்தச் சொல்லில் கறாரானவர்கள். இப்போது இல்லாத ஒரு தேவையை, இனி வரப்போகும் பசியை எண்ணி ஒரு பிராணி இன்றே ஏற்பாடு செய்தால்தான் அவர்கள் கணக்கில் அது திட்டமிடல். போவா விஸ்தாக் குரங்குக்குப் பசி இப்போதே இருக்கிறது. கொட்டை கையில் இருக்கிறது. கல் சில மீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அதைப் போய் எடுத்துவருவது நாளையை எண்ணிச் செய்யும் காரியம் ஆகுமா என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆனாலும் அந்தச் சில மீட்டருக்குள் கணக்கு இருக்கிறது. எடை, தூரம் இரண்டையும் ஆய்வாளர்கள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது, கல்லைத் தேர்ந்தெடுக்கையில் குரங்குகள் அது எவ்வளவு கனம் என்பதோடு பட்டடையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்தே எடைபோட்டன. கனமான கல் நல்லது, சுமப்பது கடினம்; இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பேரம் நடக்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக ஜேன் குடாலையும் சிம்பன்சியின் புல் குச்சியையும் கொண்டுவந்து, 'மனிதன் மட்டுமே கருவி செய்பவன்' என்ற வேலி விழுந்த கதையைச் சொல்வார்கள். அது நல்ல கதை, சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. வேலி விழவில்லை, நகர்ந்தது என்பதே என் எண்ணம். கருவியைப் பயன்படுத்துவது போய்க் கருவியைச் செய்வது என்றார்கள். பிறகு கருவியைக் கொண்டு கருவி செய்வது, பிறகு எதிர்காலத்தை எண்ணிப் பார்ப்பது. எங்கே நட்டாலும் வேலிக்கு உள்ளே மனிதனின் தலை ஒன்று இருக்கிறது, அந்தத் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. திட்டம் என்றால் அந்த வரைபடந்தான் என்று நாம் முடிவுசெய்துவிட்டோம். குரங்கின் தலைக்குள்ளும் அதே வரைபடத்தைத் தேடுகிறோம், கிடைத்தால் கொண்டாடுகிறோம், கிடைக்காவிட்டால் கதவைச் சாத்துகிறோம்.

போவா விஸ்தாவில் கிடைப்பது வேறு. அங்கே நல்ல சுத்தியல் கல் கிடைப்பது எளிதல்ல. மணற்பாறை அடித்தால் உடைந்துபோகும். குவார்ட்சைட் போன்ற கெட்டியான கூழாங்கற்கள் முகடுகளில் பொதிந்திருந்து, அரிப்பில் கழன்று, மழைநீரோடு உருண்டு வந்தவை. சமவெளியில் அவை அருமை. எனவே எங்கோ கிடந்த ஒரு கல்லை ஏதோ ஒரு குரங்கு என்றோ ஒருநாள் பட்டடைக்குச் சுமந்து வந்திருக்கிறது, வேலை முடிந்ததும் அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அடுத்துக் கொட்டையோடு வரும் குரங்கு கல்லைத் தேட வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் பட்டடைகளைத் தொடர்ந்து கண்காணித்தார்கள்: கற்கள் அங்கேயே இருக்கின்றன, திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன, எப்போதாவது ஒன்று இடம்பெயர்கிறது. கொட்டையைப் பறிக்கிற இடம் ஒன்று, உடைக்கிற இடம் வேறு. கொட்டையைப் பறித்துக் கையில் எடுத்துக்கொண்டு கல் இருக்கும் இடம் நோக்கி நடக்கும் குரங்குக்கு நாளைய படம் தலைக்குள் இருக்கிறதோ இல்லையோ, அது போய்ச் சேரும் இடத்தில் நேற்றைய ஏற்பாடு தயாராக இருக்கிறது. அதை யாரும் ஏற்பாடாக எண்ணிச் செய்யவில்லை. விட்டுச்சென்றார்கள், அவ்வளவுதான். திட்டத்தில் பாதியை அந்த இடமே சுமக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. இது ஆய்வாளர்களின் முடிவல்ல, அவர்கள் எழுதியதை வாசித்த என் துணிபு.

குட்டிகள் வளரும் விதத்தைப் பார்த்தால் இந்தத் துணிபு வலுப்படுகிறது. கபுச்சின் குட்டி கொட்டை உடைக்கத் தேர்ச்சிபெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அது செய்வதெல்லாம் உருப்படாத வேலை: கொட்டையைக் கையால் பாறையில் மோதும், வெறும் ஓட்டைத் தட்டும், கல்லை உருட்டும், கொட்டை இல்லாத குழியை அடிக்கும். பெரியவர்கள் உடைக்கும்போது அருகில் உட்கார்ந்து சிதறுவதைப் பொறுக்கித் தின்னும். பெரியவர்கள் விரட்டுவதில்லை. யாரும் கைபிடித்துக் கற்றுத்தருவதும் இல்லை. பட்டடை, குழி, சிதறிய ஓடுகள், கிடக்கும் கல், பருப்பின் மணம் எல்லாம் எப்போதும் அங்கே இருக்கின்றன. பெரியவர் எழுந்து போன பிறகும் இருக்கின்றன. குட்டி அங்கே போய் உட்கார்ந்தாலே போதும், என்ன செய்ய வேண்டும் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. ஆசிரியர் இல்லாத பள்ளி என்று இதைச் சொன்னால் அழகாக இருக்கும். பெரியவர்களின் பொறுமையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் அந்த அழகு. குட்டி தோளுக்கருகே மூக்கை நீட்டும்போது கடிக்காமல் இருக்கும் பெரிய குரங்கு இல்லையென்றால் இந்தத் தொழில் ஒரு தலைமுறையோடு போயிருக்கும்.

நம் கோயில் குன்றுகளில் பார்க்கும் நாட்டுக்குரங்கு கல்லெடுத்துக் கொட்டை உடைக்கும் வழக்கம் உடையதல்ல. தேங்காய் மூடியைப் பிடுங்கும், பையின் ஜிப்பைத் திறக்கும். அறிவில் குறைவு என்று அதைப் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள். அதன் நெருங்கிய உறவான நீள்வால் குரங்கு, தாய்லாந்து, மியான்மர் கடலோரங்களில் கல்லால் சிப்பி உடைக்கிறது. 1887இலேயே ஆல்ஃபிரட் கார்ப்பென்டர் என்ற கடல் அளவையாளர் மெர்குய் தீவுக்கூட்டத்தில் இதைக் கண்டு 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் விஞ்ஞானம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தாய்லாந்துக் கரையில் கணக்கெடுக்கப்போன சுசிந்தா மாலைவிஜித்நோந்தின் குழு அதை மறுபடி கண்டது. குரங்குகள் நீர் வற்றும் வேளை பார்த்துப் பாறைக்கு இறங்குகின்றன. பாறையில் ஒட்டிய சிப்பிக்குக் கூர்முனையுள்ள சிறு கல், கடல் நத்தைக்கும் பெரிய சங்கினங்களுக்கும் கனத்த கல். பிடித்தமான கல் கிடைத்தால் அதைக் கையில் வைத்தபடி ஒரு சிப்பியிலிருந்து அடுத்த சிப்பிக்குப் போகின்றன.

அதே தாய்லாந்தின் கோராம் தீவில் லிடியா லுன்ஸும் சகாக்களும் 2017இல் ஒன்றை அளந்தார்கள். குரங்குகள் அதிகமாக உள்ள இந்தத் தீவில் சிப்பிகளும் நத்தைகளும், குரங்குகள் குறைவாக உள்ள பக்கத்துத் தீவில் இருப்பவற்றைவிட அளவில் சிறியவை. குரங்குகள் பெரியதைத் தேர்ந்து உடைக்கின்றன. பெரியவை அருகிச் சிறியவை மிஞ்சுகின்றன. இரை சிறுக்கச் சிறுக்க அதற்கேற்ற கல்லும் சிறுக்கிறது. கருவி இவ்வளவு திறமையாக வேலை செய்வதால் கருவிக்கான வேலையே குறைந்துகொண்டு போகிறது. இரை தீர்ந்தால் அந்தத் தொழிலும் மறந்துபோகக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். குரங்கின் முன்யோசனை எதுவரை எட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கல்லிலிருந்து கொட்டை வரை எட்டுகிறது, இன்றைய ஓதம் வரை எட்டுகிறது. கரை முழுவதையும் அது எண்ணுவதில்லை. மீன்வளத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் அறிக்கைகளை நினைத்தால் இதைச் சொல்லிக் குரங்கை மட்டம்தட்ட எனக்கு வாய் வரவில்லை.

பனாமாவின் ஹிகாரோன் தீவு இன்னும் விசித்திரமானது. அங்கே வெண்முகக் கபுச்சின்கள் கல்லால் நண்டு, நத்தை, தேங்காய் உடைக்கின்றன, வாதாங்கொட்டையும் உடைக்கின்றன. நம் கடற்கரைப் பள்ளிக்கூட வளாகங்களில் நிற்கும் அதே வாதாம் மரந்தான். ஆசியாவிலிருந்து போய் அங்கே வேர்விட்டது. தீவு முழுக்க உள்ள குரங்குகளில் ஒரு பகுதிக் குரங்குகள்தான் இதைச் செய்கின்றன; அவற்றிலும் ஆண்கள் மட்டுமே செய்வதைத்தான் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்தக் கேமராக்களில் 2022 ஜனவரியில் வேறொரு காட்சி சிக்கியது. ஓர் இளம் ஆண் கபுச்சின், ஹவ்லர் என்னும் வேற்றினக் குரங்கின் குட்டியை முதுகில் சுமந்து திரிந்தது. ஆய்வாளர்கள் அதற்கு ஜோக்கர் என்று பெயரிட்டார்கள். அடுத்த பதினைந்து மாதங்களில் இன்னும் நான்கு இளம் ஆண்கள் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. குறைந்தது 11 குட்டிகள் இப்படித் தூக்கிச் செல்லப்பட்டன. தின்பதற்கில்லை, வளர்ப்பதற்கில்லை. பால் கிடைக்காமல் அவற்றில் சிலவாவது மடிந்தன. கொன்று தின்னும் விலங்கில்லாத தீவு, இரைதேட அதிக நேரம் தேவைப்படாத வாழ்க்கை, கையில் மிஞ்சும் பொழுது: கல்லைப் பிடிக்க வைத்ததும் குட்டியைத் தூக்க வைத்ததும் இவையாகவே இருக்கலாம் என்று 2025இல் வெளியான கட்டுரை சொல்கிறது. கருவியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்த்து எழுதுவதில்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்யும் அந்தத் திறனுக்கு, செய்வது பயனுள்ளதா என்ற கேள்வி கிடையாது.

இனிக் கற்களுக்குத் திரும்பலாம். போவா விஸ்தாவைப் போலவே பியாவியில் இருக்கிறது செர்ரா தா கபிவாரா தேசியப் பூங்கா. ஆதிப் பாறை ஓவியங்களுக்காக 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கும் கபுச்சின்கள் கல் எடுக்கின்றன, முந்திரிக்கொட்டை உடைக்கின்றன. போர்த்துக்கீசியர் நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்து பிறகு பண்ருட்டி வரை பரவிய முந்திரியின் தாயகம் அந்த நிலம். ஓட்டின் எரிக்கும் பாலைப் பற்றிப் பண்ருட்டியில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கேட்க வேண்டும். குரங்குகளுக்கும் அது தெரியும், கல் அந்தப் பாலுக்கும் கைக்கும் நடுவே இருக்கிறது. மைக்கேல் ஹஸ்லமின் குழு அந்த முந்திரி மரத்தடியில் தோண்டி, கொலம்பஸுக்கு முன்பே, சுமார் 600–700 ஆண்டுகளுக்கு முன் குரங்குகள் பயன்படுத்திய கற்களை 2016இல் எடுத்துக்காட்டியது. 2019இல் தியாகோ ஃபலோட்டிகோ முதலானோர் இன்னும் ஆழம் போனார்கள்: ஏறக்குறைய 3000 ஆண்டுகள். அடுக்குக்கு அடுக்கு கற்கள் மாறுகின்றன. அடியில் சிறியவை, நடுவில் பெரிய கனத்தவை, மேலே மறுபடி முந்திரிக்கு ஏற்றவை. வேறு குரங்குக் கூட்டம் வந்திருக்கலாம், தின்ற பொருள் மாறியிருக்கலாம். எப்படியானாலும் மாற்றம் இருக்கிறது. மாற்றம் இருந்தால் வரலாறு என்று சொல்லலாமா என்று தொல்லியலாளர்கள் தயங்குகிறார்கள், நான் தயங்கமாட்டேன்.

அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு வழக்கம். செர்ரா தா கபிவாராக் குரங்குகள் கூழாங்கல் ஒன்றை எடுத்துப் பாறையில் பதிந்த இன்னொரு கூழாங்கல்லின் மேல் ஓங்கி அடிக்கின்றன. உடைந்த இடத்தின் பொடியை நக்குகின்றன. அடியில் சிதறும் துண்டுகள் கூர்விளிம்புள்ள செதில்கள், கற்காலத்தின் மிகப் பழைய கருவிகளைப் பற்றிய பாடநூல்களில் வரைந்திருக்கும் அதே வடிவம். டோமோஸ் ப்ரோஃபிட்டின் குழு 2016இல் இதை அறிவித்தது. 2023இல் அவரே தாய்லாந்துக் குரங்குகள் எண்ணெய்ப்பனைக் கொட்டை உடைக்கையில் தவறுதலாகச் சிதறும் செதில்களையும் காட்டினார். குரங்குகள் அந்தச் செதில்களை எடுப்பதில்லை, எதையும் அறுப்பதில்லை. மனிதனின் தொடக்கம் என்று நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பொருள், அவற்றுக்குக் காலில் குத்தும் குப்பை.

இதனால் எல்லாக் கற்கருவியும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடவில்லை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரியையோ, சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் தோண்டியெடுத்த, சுமார் 15 லட்சம் ஆண்டுகள் வரை பின்செல்லும் கருவிகளையோ எந்தக் குரங்கும் சிதறவிட்டிருக்க முடியாது. இருபுறமும் மாறி மாறிச் செதுக்கி, முடிவை மனத்தில் வைத்து, இடையில் தவறினால் திருத்தி முடித்த பொருட்கள் அவை. சிக்கல் அதற்கு முந்திய எளிய செதில்களில்தான் இருக்கிறது. செர்ரா தா கபிவாராவிலேயே அந்தச் சிக்கல் ஒரு வழக்காக நடக்கிறது. அங்குள்ள பெட்ரா ஃபுராடா என்ற பாறை ஒதுக்கிடத்தில் மனிதர்கள் 30,000 ஆண்டுகளுக்கும் முன்பே வாழ்ந்தார்கள் என்று தொல்லியலாளர் நியேத் கீதோன் பல ஆண்டுகள் வாதாடினார். அமெரிக்கக் கண்டங்களுக்கு மனிதன் அவ்வளவு முன்பே வரவில்லை என்பவர்கள், அந்தக் கற்கள் மேலிருந்து விழுந்து உடைந்தவை என்றார்கள். 2022இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு கட்டுரை மூன்றாவது சந்தேக நபரைக் கூண்டில் ஏற்றியது: கபுச்சின். அடுப்புக் கரி இருக்கிறதே என்றது கீதோனின் தரப்பு. கரி காட்டுத்தீயாலும் வரும் என்றது எதிர்த்தரப்பு.

கீதோன் 2025 ஜூனில் காலமானார். அவருடைய கரியை நான் ஓரளவு நம்புகிறேன், கற்களை நம்பத் தயக்கமாக இருக்கிறது. முன்பெல்லாம் கூர்விளிம்புள்ள ஒரு செதில் கிடைத்தால் அகழ்வாளர் 'மனிதன்' என்று எழுதிவிட்டு அடுத்த அடுக்குக்குப் போகலாம். இனிமேல் பியாவியில் அது நடக்காது. பக்கத்தில் யார் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.